ஷஃபீகாவின் பதின்மூன்று அணுக்கள்

காயல்பட்டினத்து ஷஃபீகாவிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும். வராமல் இருக்காது. ஆனால் கேட்டவர் எழுந்து போய், கை கழுவி, சாப்பிட்டு, ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும்.

மதுரையில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் இப்படித்தான் ஆயிற்று. மேடையேறித் தன் ஆராய்ச்சியைப் பற்றி நன்றாகவே பேசினாள். முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "உங்க பதிமூணு அணு சேர்ந்த கூட்டம் திடமா, திரவமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றார். அவ்வளவுதான், வாயில் கொழுக்கட்டை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள். கூட்டத் தலைவர் பார்த்துப் பரிதாபப்பட்டு மணியடித்து அனுப்பிவைத்தார். தூத்துக்குடிப் பேருந்து எட்டயபுரத்தைத் தாண்டும்போது பதில் அட்சரம் பிசகாமல் வந்து நின்றது. பக்கத்து இருக்கை அம்மாள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இல்லையென்றால் அவளிடமாவது சொல்லியிருப்பாள்.

என்ன பதில் என்று கேட்கிறீர்களா? திடமா திரவமா என்ற கேள்வியே பெருங்கூட்டத்துக்கு உரியது என்பதுதான். ஒரு குடம் தண்ணீரில் எண்ணி மாளாத மூலக்கூறுகள் இருக்கின்றன. அது இன்ன குளிரில் உறையும் என்று அடித்துச் சொல்லலாம். பதின்மூன்று அணுக்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்கு அந்தக் கட்டுப்பாடு எல்லாம் கிடையாது. ஒரே வெப்பநிலையில் கொஞ்ச நேரம் கல் மாதிரி விறைப்பாக நிற்கும். அடுத்த கணம் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி ஓடும். மறுபடியும் விறைத்துக்கொள்ளும். வாயுவுக்கும் திரவத்துக்கும் திடத்துக்கும் நடுவே, இன்னும் எந்தப் பக்கமும் சேராத பருவம் அது. அந்தப் பருவத்தைத்தான் ஷஃபீகா எட்டொன்பது வருடமாக மாடி அறையில் உட்கார்ந்து மடிக்கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடி அறை அவளுடைய வீட்டு மாடிதான். அந்த ஊரில் பெண்பிள்ளை கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஷஃபீகாவின் மாப்பிள்ளை அம்ஜத் அப்படி வந்தவர்தான். வந்த சுருக்கில் ஷார்ஜாவுக்குப் போய் ஏசி மெக்கானிக்காகிவிட்டார். லீவுக்கு வந்து போவார். அவர் வெளிநாடு போன பிறகு ஷஃபீகா விட்ட படிப்பைத் தொட்டு, எம்.எஸ்ஸி. முடித்து, தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்தப் போனாள். அங்கேயே ஜெயசிங் சாரிடம் பகுதி நேர ஆராய்ச்சிக்கும் பதிந்துகொண்டாள். கல்லூரிக்குப் போய்வர, வீட்டைப் பார்க்க, விடைத்தாள் திருத்த என்று போன நேரம் போக மிச்சம் கிடந்ததில்தான் ஆராய்ச்சி நடந்தது. மிச்சம் அதிகம் கிடக்கவில்லை என்பதை எட்டொன்பது வருடம் என்ற கணக்கே சொல்லும்.

அம்ஜத் நல்ல மனிதர். பெண்டாட்டி படிப்பதில் அவருக்குப் பெருமைதான். அந்தப் படிப்பு என்ன என்பதில்தான் அவருக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது.

"கேஸ் தண்ணியா மாறுதத நான் தெனமும் பாக்கேன். கம்ப்ரஸர் அமுக்குது, கண்டென்ஸர்ல போயித் தண்ணியாவுது. இதுக்கு எதுக்குளா பிஎச்டி?" என்று போனில் கேட்டார்.

"ஒடனே ஆவாது மச்சான். கேஸுக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு."

"நடுவுல பைப்பு இருக்கு."

இப்படிப்பட்ட மனிதரிடம் என்ன பேசுவது? சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். நல்ல பதில் ஒன்று மறுநாள் பழையகாயல் பக்கம் உப்பளத்தைக் கடக்கும்போது வந்தது. அந்நேரம் அவர் ஷார்ஜாவில் யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கேஸ் அடித்துக்கொண்டிருந்திருப்பார்.

அவளுடைய உம்மா முத்து பீவி அந்தச் சந்தேகம்கூடப் பட்டதில்லை. அந்த வீட்டில் சட்டம், நிர்வாகம், நீதி மூன்றும் முத்து பீவிதான். மகள் மாடிக்குப் போனால் மார்க் ஏற்றுகிறாள் என்று நினைத்துக்கொள்வாள். "ஒன் மவ இன்னும் என்னத்தப் படிக்கா?" என்று பக்கத்து வீட்டில் கேட்டால், "பெரிய படிப்பு" என்று சொல்லிவிட்டு மீன் விலைக்குப் பேச்சை மாற்றுவாள். மகளிடம் கேட்டதில்லை. மகளும் சொன்னதில்லை. இருவருக்கும் நடுவே எதற்கும் குறைவில்லை. தேங்காய்ப்பால் கஞ்சி, கரண்டு பில், பல்வலி, கல்யாண வீடு என்று நாள் முழுக்கப் பேசுவார்கள். அணு மட்டும் வந்ததில்லை.

ஒருவழியாக ஆய்வேடு எழுதி முடித்து, வெளியூர்ப் பேராசிரியர்கள் படித்து ஒப்புதலும் கொடுத்துவிட்டார்கள். மீதி இருந்தது வாய்மொழித் தேர்வு. அதைத் தள்ளிப்போடவும் முடியாது. ஜெயசிங் சார் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அவர் போய்விட்டால் வேறு வழிகாட்டி, வேறு கையெழுத்து, வேறு அலைச்சல், இன்னும் எத்தனை வருடமோ. சார் மறைத்துப் பேசுகிறவர் இல்லை.

"ஏம்மா, எழுத்துல நீங்க புலி. அதுல ஒரு குத்தமும் இல்ல. ஆனா அங்கன வாயத் தொறக்கணும். மதுரையில நின்ன மாதிரி நின்னா மறுபடி வைக்கச் சொல்லிருவாங்க. அப்போ நான் இருக்க மாட்டேன். வாயத் தொறங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

யாரும் வராமல் இருந்தால் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம் என்று ஷஃபீகா கணக்குப் போட்டாள். தேர்வாளர், சார், துறை ஆட்கள் நாலைந்து பேர். வீட்டில் ஒருவருக்கும் தேதி சொல்லவில்லை. வருகிறவர்களுக்கு ஒரு சமோசா, ஒரு இனிப்பு, கொஞ்சம் மிக்சர் என்று பொட்டலத்துக்குச் சொல்லிவைத்தாள். தேர்வுக்கு நிற்கிறவரே பலகாரம் கொடுப்பது நம் பல்கலைக்கழகங்களின் மரபு. அதில் குறை வைக்கக் கூடாதல்லவா?

விதி போனில் வந்தது. ஷஃபீகா குளித்துக்கொண்டிருந்தபோது ஜெயசிங் சார் கூப்பிட்டார். முத்து பீவி எடுத்தாள். சார் மரியாதைக்கு நாலு வார்த்தை பேசினார். "பொது வாய்மொழித் தேர்வும்மா. வாற வெள்ளிக்கிழமைக்கு மொத நாள், வியாழன். யாரு வேணும்னாலும் வரலாம், கேள்வி கூடக் கேக்கலாம். ஹாலு காலியாக் கெடந்தா நல்லா இருக்காது. வீட்ல இருந்து ஒரு நாலு பேரு வாங்க."

நாலு பேர் என்று சொன்னது சாருடைய பிழை. அவர் நாசரேத்துக்காரர். காயல்பட்டினத்தில் நாலு பேரை மட்டும் அழைக்க முடியாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அங்கே தெருக்களுக்கு ஊடே பெண்கள் மட்டும் நடந்து போக ஒடுக்கமான சந்துகள் உண்டு. முடுக்கு என்பார்கள். ஒரு முடுக்கில் ஒரு வீட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் வந்தால், பேரப்பிள்ளைகள் காலம் வரை பேச்சுவார்த்தை இருக்காது. முத்து பீவி துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு முடுக்கில் இறங்கினாள். இந்தக் கோடியில் இறங்கியவள் அந்தக் கோடியில்தான் ஏறினாள்.

"எம் மவளப் பெரிய பெரிய ஆளுங்க நிக்க வச்சுக் கேள்வி கேக்கப் போறாங்களாம். தனியா நிப்பா புள்ள. நாம போயிப் பக்கத்துல இருப்போம்" என்பதுதான் அவள் சொன்ன அழைப்பு. அழைத்துவிட்டு வெறும் வயிற்றோடு அனுப்புவாளா? சமையல்காரருக்கும் சொல்லிவிட்டாள். கல்யாண வீடுகளில் ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சேர்ந்து உண்பார்களே, அந்தக் களரிச் சாப்பாடு. நெய்ச்சோறு, கறி, கத்தரிக்காய் மாங்காய் பருப்பு, ஒன்றும் குறைவில்லை. மகளிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் திட்டுவாள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

வியாழக்கிழமை காலை கருத்தரங்கக் கூடத்தில் ஷஃபீகா கணக்குப் போட்ட ஆட்கள்தான் இருந்தார்கள். பூனாவிலிருந்து வந்த தேர்வாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. தமிழ் தெரியாது. பக்கத்தில் ஜெயசிங் சார். பின்னால் சக ஆசிரியைகள். உதவியாளர் டெரன்ஸ் புரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். ஷஃபீகாவுக்கு அந்தக் காலி நாற்காலிகளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது.

அப்போது வாசலில் ருகையா மாமி தெரிந்தாள். அடுத்த வீட்டு மாமி. ஷஃபீகா திக்கென்று நிமிர்ந்தாள். மாமி எட்டிப் பார்த்தாள், உள்ளே வந்தாள், நடுவரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள். எழுந்து வெளியே போய்விட்டாள். அல்ஹம்துலில்லாஹ் என்று ஷஃபீகா முடிப்பதற்குள் வேறு இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி செருப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தாள். மற்றவளும் பின்னாலேயே போனாள். அப்புறம் மூன்று பேர். அவர்களும் நிலைக்கவில்லை. வராந்தாவில் சலசலவென்று பேச்சுச் சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது.

பிறகு முத்து பீவி வந்தாள். கூடவே ஒரு வேன் ஆட்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்தாற்போல் ஒரே இடத்தில் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நெளிந்தார்கள். ஆனால் எழுந்து போனவர்களைவிட வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அதிகம். அதன் பிறகு பார்க்க வேண்டுமே! வராந்தாவே திரண்டு உள்ளே வந்தது. ருகையா மாமி நடுவில் இடம் பிடித்தாள். நாற்காலி போதாமல் டெரன்ஸ் பக்கத்து வகுப்பிலிருந்து பெஞ்சு இழுத்துப் போட்டார். தேர்வாளர் திரும்பிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் இயற்பியலுக்கு இவ்வளவு மதிப்பா என்று ஆங்கிலத்தில் வியந்தார். ஜெயசிங் சார் ஆமாம் என்றார். வேறு என்ன சொல்வார் பாவம்.

ஷஃபீகா போட்ட கணக்கு மொத்தமும் தப்பிப்போயிற்று. இருந்தாலும் எழுதி வைத்ததை வாசிப்பதில் அவளுக்குத் தடுமாற்றம் கிடையாது. படங்களைக் காட்டிக் காட்டி முடித்துவிட்டாள். பிறகுதான் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். "வெப்பநிலை போதிய அளவு குறைந்துவிட்டது. வாயு திரவமாவதுதான் நியாயம். பிறகும் ஏன் உடனே ஆவதில்லை? சின்னக் கூட்டங்கள் ஏன் உண்டாகி உண்டாகிக் கலைகின்றன? இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், அவர்கள் மொழியிலேயே சொல்லுங்கள். பேராசிரியர் எனக்கு மொழிபெயர்ப்பார்."

பாட்டில் திறந்தது. மூடியது.

ஜெயசிங் சார் தன் செருப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டார். முத்து பீவியின் உதடுகள் துஆ ஓதி அசைந்தன. ஷஃபீகாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை வருடமும் இதற்குத்தானா, மறுபடியும் எட்டயபுரத்தில்தான் வாய் திறக்குமா என்று நெஞ்சு கொதித்தது.

"என்னளா, புள்ள நின்னுட்டா? கரண்டு போச்சா?" என்று ருகையா மாமி பக்கத்தில் இருந்தவளிடம் ரகசியம் பேசினாள். மாமியின் ரகசியம் தெருக்கோடிக்குக் கேட்கும். ஷஃபீகா அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ருகையா மாமி, நீங்கதான மொதல்ல வந்தீங்க?"

மாமி திடுக்கிட்டாள். "நானா? ஆமா."

"வந்து உக்காந்துட்டு ஏன் எந்திரிச்சுப் போனீங்க?"

"இம்புட்டுப் பெரிய ஹால்ல ஒத்தையில எப்பிடிம்மா உக்காருதது? ஒருமாரி இருக்காதா?"

"அடுத்து வந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. மூணு பேர் வந்தாங்க, அவங்களும் போயிட்டாங்க. இப்ப நீங்க எந்திரிச்சுப் போங்க பாப்போம்."

மாமி நிஜமாகவே முயன்றாள். "எங்கன போவ? இந்தப் பக்கமும் ஆளு, அந்தப் பக்கமும் ஆளு. முன்ன பின்ன நகர முடியல."

கூடம் சிரித்தது. ஷஃபீகா சிரிக்கவில்லை. அவளுக்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

"இதுதான் மேடம் பதில். அணுவுக்கு அணு இழுத்துப் பிடிச்சுக்கிடும். ஆனா பிடிக்கப் பக்கத்துல ஆள் வேணும். சின்னக் கூட்டத்துல எல்லாருமே ஓரத்துல இருக்காங்க. ஓரத்துல இருக்கவங்களுக்குப் பிடிமானம் கம்மி, லேசா எந்திரிச்சுப் போயிரலாம். அதனால சின்னக் கூட்டம் வளருததவிடக் கலையுததுதான் வேகமா நடக்கும். குளிர் போதும், நியாயப்படி தண்ணியாவணும், ஆனாலும் ஆவாது. எப்பவாவது தற்செயலா ஒரு அளவுக்கு மேல ஆள் சேந்துட்டா, உள்ள மாட்டுனவங்க எண்ணிக்கை கூடிரும். அதுக்கப்புறம் வாறவங்கதான் அதிகம், போறவங்க கம்மி. மொத்த வராந்தாவும் உள்ள வந்துரும். அந்தத் திரும்புற எடத்துல இருக்கிற கூட்டத்தத்தான் நான் மூணாவது அத்தியாயத்துல கணக்குப் போட்டிருக்கேன்."

ஜெயசிங் சார் மொழிபெயர்க்க மொழிபெயர்க்கத் தேர்வாளரின் புருவம் ஏறியது. "அந்த அளவு எப்போதும் ஒன்றுதானா?"

"இல்ல மேடம். இன்னும் குளிர வச்சா சின்னக் கூட்டமே போதும்." வெளியே வேன் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள் போல. நெய்ச்சோற்று வாசம் சன்னல் வழியே வந்தது. ஷஃபீகா மூக்கை உறிஞ்சினாள். "சோத்து வாசம் வந்துட்டா ரெண்டு பேர் உக்காந்தாலே பந்தி நெறஞ்சிரும். அந்த மாதிரி."

பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். தேர்வாளர் இன்னும் கேட்டார், கேட்கக் கேட்க வந்தது. மதுரைப் பெரியவருக்குச் சேர வேண்டிய பதிலையும் யாரும் கேட்காமலேயே சொல்லி முடித்தாள். ஒரு கட்டத்தில் போதும் என்று சார்தான் கையைக் காட்ட வேண்டியிருந்தது. தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு, சாரிடம் திருப்தி என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. சார் கைக்குட்டையை எடுத்து முகத்தை முழுசாகத் துடைத்துக்கொண்டார்.

"பொதுமக்கள்ல யாருக்காவது கேள்வி உண்டா?" என்று சடங்குக்குக் கேட்டுவிட்டு உட்காரப் போனார். யாரும் கேட்க மாட்டார்கள். எந்தத் தேர்விலும் கேட்டதில்லை.

முத்து பீவி எழுந்தாள்.

சாப்பாட்டுக்கு அழைக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாதிப் பேர் எழுந்துகொள்ளத் தயாரானார்கள்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும் சார்."

"கேளுங்கம்மா. தாராளமா."

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "இத்தன வருஷமா மாடியில உக்காந்து இதத்தான் பண்ணிட்டு இருந்தியா?"

"ஆமா உம்மா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பாட்டிலைத் தேடி ஷஃபீகாவின் கை போனது, பாதியில் நின்றது. நீங்கள் கேட்கவில்லையே என்பதுதான் முதலில் நாக்குக்கு வந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் நிற்கிற அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. அந்த அம்மா என்ன கேட்டார்கள் என்று தேர்வாளர் சாரிடம் விசாரித்தார். சார் மெதுவாகச் சொன்னார். தேர்வாளர் காகிதங்களை அடுக்குவதை நிறுத்திவிட்டு ஷஃபீகாவைப் பார்த்தார்.

"ஒங்களுக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டேன் உம்மா."

"புரிஞ்சுதே" என்றாள் முத்து பீவி.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஷஃபீகாவுக்குத் தேவலை. கோபத்துக்குப் பழக்கம் உண்டு. கண்ணில் நீர் கட்டியது, மேடையில் நின்றுகொண்டே அழுதாள். சக ஆசிரியைகள் பொட்டலங்களை எடுத்து வைப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

முத்து பீவி உட்காரவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "சரி, அழாத. இன்னொண்ணு கேக்கேன். அந்தப் பதிமூணு, பதிமூணுன்னு படம் படமாக் காட்டுனியே. அது எதுக்குப் பதிமூணு? பன்னெண்டு வச்சா ஆவாதா?"

ஷஃபீகா மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு ஊடே இடித்துக்கொண்டு, உம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நடுவுல ஒண்ணு உம்மா. அதச் சுத்திப் பன்னெண்டு, எல்லாம் நடுவுல உள்ளதத் தொட்டுக்கிட்டு இருக்கும். அதனாலதான் அது லேசுல கலையாது. சுத்தி இருக்கது ஒண்ணு ரெண்டு எப்பவாவது பிரிஞ்சு போனாலும் போயிரும். நடுவுல உள்ளதுக்கு எந்திரிச்சுப் போவ எடமே கெடையாது."

"அது தெரியும்" என்றாள் முத்து பீவி. "மேல சொல்லு."